கவர் அக்காவும் நீல வண்டியும்

முதலில் தண்ணீர், துணி அதற்கப்புறம்தான். ஒரு குவளைத் தண்ணீரைக் காரின் கூரையில் சாய்த்துவிட்டு, அது புழுதியை இழுத்துக்கொண்டு கண்ணாடி வழியே இறங்கும்வரை நிற்கிறார் அக்கா. பிறகு பழைய பனியன் துணியால் ஒரே திசையில் ஒற்றி எடுக்கிறார். அடுத்த குவளை பானெட்டுக்கு. மதிய வெயிலில் சொட்டு அப்படியே காய்ந்தால் வட்டவட்டமாகத் திட்டு விழுமாம். அதனால் ஊற்றுவதில் நிதானம், துடைப்பதில் ஓட்டம். அறுபதைத் தொடும் உடம்பு; இடுப்பில் ஒரு கை, வண்டியில் ஒரு கை. இடையிடையே மூன்றாம் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறார். அங்கிருந்து சத்தம் வரவில்லை என்றால்தான் அடுத்த வேலை.

"தூசியோட கவரைப் போட்டு மூடினா, காத்துல அது ஆடி ஆடி உப்புத்தாள் வச்சுத் தேய்ச்ச மாதிரி ஆயிடும் தம்பி. அதுக்கு மூடாமலே விட்டுடலாம்" என்பார், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

துடைத்து முடித்ததும் சாம்பல் நிறக் கவரைப் பின்பக்கத்திலிருந்து போர்த்துகிறார். அதன் உட்புறம் முழுக்கப் பழைய பருத்தி விரிப்புகளை வைத்துத் தைத்திருக்கிறார். பெயின்ட்டில் படுவது மெத்தென்று இருக்க வேண்டுமாம். தையல் அவருக்குக் கைவந்த கலை. கடையில் வாங்கிய பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப்போனவர்களின் இடுப்பைப் பிரித்துவிடுவது, இவைதான் வீட்டின் வருமானம். எங்கள் குடியிருப்பில் யார் எவ்வளவு பெருத்தார் என்ற ரகசியம் முழுக்க அவரிடம் இருக்கிறது. செத்தாலும் வெளியே விட மாட்டார்.

குடியிருப்பில் அவருக்குப் பெயர் 'கவர் அக்கா'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், ஆனால் அவருக்கும் தெரியும். எனக்குக் கார் கிடையாது. ஆகவே கார் வைத்திருப்பவர்களைக் கேலி செய்யும் உரிமை எனக்கு முழுதாக உண்டு. குடிவந்த புதிதில் நானும் என் பங்குக்குச் சிரித்தேன். அந்த வண்டி நின்ற இடத்தை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஓடாத வண்டிக்கு இத்தனை சீராட்டா என்று தோன்றாதா?

நிற்கும் இடமும் வாய்த்த இடம்தான். கூரை போட்ட இடங்களெல்லாம் புது வண்டிக்காரர்களுக்குப் போய்விட்டன. அக்காவின் வண்டி திறந்தவெளியில், ஒரு மரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நிற்கிறது. அந்த மரமோ நிழலையெல்லாம் பக்கத்து மனைக்குக் கொடுத்துவிட்டு, பிசினையும் காக்கை எச்சத்தையும் மட்டும் இவருக்கு அனுப்புகிறது. காக்கையிடம் அக்கா நியாயம் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். "உனக்கு வேற வண்டியே கிடைக்கலையா? அங்க பாரு, புதுசு புதுசா நிக்குது. அங்க போய்த் தொலையேன்!"

எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு, அப்படியே அள்ளியெடுக்க வேண்டும். பிசினுக்கு ஒரு சொட்டு எண்ணெய். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கில் சருகு அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் என்று கொண்டை ஊசியால் நோண்டி எடுப்பார். உள்ளே டாஷ்போர்டுக்கு ஒரு துண்டு, ஸ்டீயரிங்குக்கு ஒரு துண்டு, சீட்டுகளுக்கு வெள்ளை உறை. எலி வயரைக் கடிக்காமலிருக்க அந்துருண்டை. உள்ளே சூடு கட்டாமலிருக்க ஜன்னல் கண்ணாடி விரல் நுழையும் அளவுக்கு இறங்கியிருக்கும். இத்தனையும் அவர் புத்தகத்தில் படித்ததல்ல. எல்லாம் கணவர் எப்போதோ சொன்னவை.

இப்படிப் பார்த்துப் பார்த்துப் போர்த்திய கவரை, வெயில் இம்மியும் தணியாத நேரத்தில் அவரே மூச்சிரைக்க ஓடிவந்து உருவுவார். இதுதான் எனக்கு மண்டையைக் குடைந்தது. காலையில் வெயில் ஏறும்போது மூடுவதில்லை. மதியம் கொஞ்ச நேரம் மூடுவார், மறுபடி திறந்துவிடுவார். காப்பதென்றால் முழுதாகக் காக்க வேண்டாமா? ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அவரு தூங்குற நேரம் மட்டுந்தான் தம்பி மூட முடியும்" என்றார் அக்கா. "அவரு முழிச்சிருக்கும்போது வண்டி நீலமாத் தெரியணும்."

'அவரு' என்றது கணவரை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சில வருடங்களாக அவருக்கு நினைவு உதிர்ந்துகொண்டிருக்கிறது. மகளின் பெயர் போயிற்று. சாப்பிட்டோமா இல்லையா என்பது போயிற்று. ஒரு நாள் காலையில் அக்காவைப் பார்த்து, "நீங்க யாரும்மா, காலங்காத்தால?" என்று கேட்டார்; அதோடு மனைவியும் போயாயிற்று. மிஞ்சியது இந்த இளநீல வண்டி ஒன்றுதான். வீட்டுக்குள் நாள் முழுக்க, "என்னை எங்க வீட்டுக்கு அனுப்புங்க" என்று கதவைத் தட்டுவார். பால்கனியில் கொண்டுபோய் நிறுத்தினால் கீழே எட்டிப் பார்த்து, "என் வண்டி நிக்குது" என்பார். அடங்கிவிடுவார். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது கூரையும் பானெட்டும்தான். வெயில் முதலில் தின்பதும் அவற்றைத்தான்.

கவர் வந்த கதையை அக்கா ஒரே ஒரு முறை சொன்னார். வெளியூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியது. வந்த அன்றே, பெருமை தாங்காமல் காலையிலேயே மூடிவைத்திருக்கிறார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார், நீலத்தைக் காணோம். அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் வண்டியைத் தேடி இறங்கிவிட்டார். மூடிக் கிடந்த சொந்த வண்டியைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், வாசலுக்கு வேறு வழி கிடையாது. சாயங்காலம் கண்டுபிடித்தபோது, ஒரு பெரிய கடையின் முன்னால் வரிசையாக நின்ற வண்டிகளில் நீல வண்டிகளை மட்டும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். காலில் செருப்பில்லை. பாதமெல்லாம் கொப்புளம்.

"காலைக் கழுவிவிடும்போது வலிக்குதுன்னுகூடச் சொல்லல தம்பி. வண்டி கிடைச்சுதான்னு மட்டும் கேட்டாரு."

மூடினால் மனிதர் தொலைந்துபோவார். மூடாவிட்டால் நிறம் போய்விடும். நிறம் போனாலும் மனிதர் தொலைந்துபோவார். இதைக் கேட்ட பிறகு நான் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்ததில்லை. ஆனால் எழுதும்போது வேறு பெயரும் வாயில் வரவில்லை, அக்கா மன்னிக்க வேண்டும்.

சாயங்காலத்தில் பாடம் நடக்கும். மாஸ்டர் வழக்கமான இடத்தில், சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்தில். அக்கா ஸ்டீயரிங்கின் முன்னால். இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கட்டிய மனைவிக்கு மட்டும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்! இப்போது அக்காவுக்குத் தினமும் முதல் வகுப்பு. ஒரு முறை என் ஸ்கூட்டரைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இன்னைக்குத்தான் சேந்தீங்களா?" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர்."

"பயப்படாதீங்க. பயம் இருக்கிறவங்கதான் ஒழுங்கா ஓட்டுவாங்க. மேல இருக்கிற கண்ணாடியைச் சரி பண்ணுங்க. உங்க மூஞ்சியைப் பாக்கிறதுக்கு இல்ல, பின்னால வர்றவனைப் பாக்கிறதுக்கு."

அக்கா சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. நான் குடிவருவதற்கு முன்னால் மாஸ்டரே ஒரு முறை வண்டியைக் கிளப்பி மதிலில் மோதிய பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள்.

"பாத்தீங்களா? ஸ்டார்ட் ஆனதே தெரியல. இன்ஜினை அப்படி வச்சிருக்கேன்" என்றார் மாஸ்டர். அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்புக்காகவா வேறு எதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

"வீட்டுல யாரு இருக்காங்க?"

"வீட்டுக்காரர் இருக்காரு மாஸ்டர்."

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து கஷ்டப்படுறீங்க? அவரு சொல்லித்தர மாட்டாரா?"

"அவருக்கு நேரமில்ல."

"என்ன மனுஷன் அவரு!" மாஸ்டருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நான் வேணா ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"வேணாம் மாஸ்டர். நல்லவருதான்."

பிறகு முதல் கியர், இரண்டாம் கியர், வளைவில் வேகம் குறைப்பு. வண்டி நின்ற இடத்திலேயே ஊரை ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். இறங்கும்போது மாஸ்டரின் நடையே வேறாக இருக்கும். அன்று ராத்திரிச் சாப்பாடு தகராறில்லாமல் இறங்குமாம்.

இந்தக் கோடையில் வெயிலின் கை ஓங்கிவிட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். தகரத்தின்மேல் பூசிய நிறம் எம்மாத்திரம்? முதலில் கூரை வெளுத்தது, பிறகு பானெட். மேல்பூச்சு செதில் செதிலாகக் கிளம்பியது. அக்கா மெழுகு வாங்கித் தேய்த்தார். இரண்டு நாள் பளபளத்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. கூரை இருக்கும் இடம் ஒன்று கேட்டுக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் போனார். "ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா நிழல்?" என்று கேட்டார் அந்தப் புண்ணியவான். பெயின்ட் அடிப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். "இந்தக் கலர் இப்ப வர்றதே இல்லம்மா. கிட்டத்தட்டக் கலந்து அடிக்கலாம். வண்டி ஒரு வாரமாவது பட்டறையில நிக்கணும்" என்றார். ஒரு வாரம் அந்த இடம் காலியாகக் கிடந்தால் மேலே இருப்பவர் என்ன ஆவார்? அக்கா பெயின்டருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாஸ்டர் வண்டியருகே வந்து தயங்கத் தொடங்கினார். ஏறுவதா வேண்டாமா என்று நிற்பார். அதற்கும் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். கதவின் உள்விளிம்பில் வெயில் படாத பழைய நீலம் அப்படியே இருந்தது. கதவை முன்னாலேயே திறந்துவைத்து, மாஸ்டரின் விரலைப் பிடித்து அந்த விளிம்பில் வைப்பார். "ஆங், என் வண்டி" என்று ஏறிக்கொள்வார். அந்த விரலளவு நீலத்தை வைத்துச் சில வாரங்கள் ஓட்டினார் அக்கா.

அந்த நாட்களில் ஒரு மதியம், கவரைப் போர்த்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். "வெயிலோட சண்டை போட்டு ஜெயிச்சவங்க உண்டா தம்பி?" என்று ஆரம்பித்தார். "எனக்கும் தெரியுது. இதுவும் வெளுத்துட்டே வருது, அவரும் வெளுத்துட்டே வர்றாரு. எது முந்திக்குதுன்னுதான் தெரியல." முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள நான் அவருக்கு யாரோ ஒருத்தி. ஏன் இங்க நிக்கிறேன்னு பயந்து பயந்து பாக்குறாரு. இதுல ஏறி உக்காந்தாதான் நான் அவரு ஸ்டூடன்ட். அதுவாவது இருக்கட்டுமே."

"எல்லாம் சரியாயிடும்க்கா" என்று நாக்கு நுனிவரை வந்தது. சரியாகாது என்பது இருவருக்கும் தெரியும். விழுங்கிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போன வாரம் ஒரு நாள், நான் கடைக்குப் போய்விட்டு உள்ளே நுழையும்போது அக்கா மாஸ்டரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். கவர் உருவியாயிற்று. வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. வழக்கம்போல் கதவைத் திறந்து, மாஸ்டரின் விரலை விளிம்பில் கொண்டுபோய் வைத்தார். மாஸ்டர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அடுத்தவர் பொருளைத் தொட்டுவிட்டதுபோல் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு வண்டியை மெதுவாக ஒரு சுற்று சுற்றிவந்து, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து இழுத்தார். உரிந்த பூச்சு கையோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு வண்டிம்மா இது?"

அக்கா திறந்திருந்த கதவைச் சாத்தினார்.

"நல்ல வண்டி. வெயில்ல போட்டு இப்படிப் பாழாக்கி வச்சிருக்காங்களே! ஒரு கவர் வாங்கிப் போட்டிருக்கக் கூடாது? வாங்கத் தெரியுது, வச்சுக் காப்பாத்தத் தெரியல." குரலில் பழைய மாஸ்டரின் கண்டிப்பு அப்படியே இருந்தது. அக்காவின் பக்கம் திரும்பினார். "யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் நாலு வார்த்தை கேக்கணும்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார்.

"தெரியலைங்க" என்றார். சொல்லிக்கொண்டே, சாவி இருந்த கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.