கட்டிலில் வந்த வளையல்காரர்

செய்தி வந்தபோது எங்கள் அடுப்படியில் இருந்தவர்கள் நான், என் நாத்தனார் அன்னம்மாள், நெல் குத்த வந்த பேச்சி, அழுக்குத் துணி வாங்க வந்த செல்லி. சொன்னது செல்லிதான். "வளையக்கார முத்தையாண்ணே நேத்துப் பொழுது சாயப் போய்ச் சேந்துட்டாக. காய்ச்சலாம்." நால்வரும் அவரவர் கையைத்தான் குனிந்து பார்த்தோம். எல்லார் கையிலும் கிடந்தது அவர் ஏற்றிய வளையல்.

நம் தெருப் பெண்களான உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். வளையல் கோத்த சரத்தை, அதான் மலாரத்தை, தோளில் போட்டுக்கொண்டு கூடலூரிலிருந்து நம் தெரு வரைக்கும் நடந்தவர் அவர். கடை கிடையாது, கூட்டாளி கிடையாது. கால் நடந்தால்தான் அடுப்பு எரியும். நம் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு வளையல்காரர்தான். வளைகாப்பில் முதல் வளையலை யார் ஏற்றுகிறாரோ, அவருக்கே அந்த வீடு. நாங்கள் கிறிஸ்து வேதக்காரர்கள் என்பதால் பாஸ்குவுக்கு முந்தைய நாற்பது நாள் தவசு காலத்தில் புது வளையல் போடமாட்டோம். அது என்றைக்கு முடிகிறது என்று எங்களில் சிலருக்கே மறந்துபோகும். அவர் மறக்காமல், சேசுநாதர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் வாசலில் நிற்பார்.

அணை வேலைக்கு மலைக்குச் சுண்ணாம்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்த நாட்களில், அப்படி ஒரு வண்டியில் தொற்றி ஏறி, தூங்கி, கீழே விழுந்தார். விழும்போது இரண்டு கையாலும் மலாரத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாராம். ஒரு வளையலில்கூட விரிசல் இல்லை. வலது கால்தான் ஒடிந்தது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டி, தாம் சொல்கிறவரை காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிப் போனார்.

பார்க்கப் போன நான், "வளையல் போனாப் போகுதுன்னு கைய ஊனியிருக்கலாமே அண்ணே" என்றேன்.

"காலு கூடிரும் ஆத்தா. ஒடஞ்ச வளையல் கூடுமா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி காமாட்சி, "கூடுற வரைக்கும் என்னத்தத் திங்கிறது? அந்த ஒடிஞ்ச காலத்தான் பொரிக்கணும். முட்டையும் உளுந்தும் தடவித்தான இருக்கு" என்றார்.

காமாட்சியின் பயம் நியாயமானது. அடுத்த வாரமே கோம்பைப் பக்கத்து வளையல்காரர் ஒருவர் நம் தெருவுக்குள் வந்துவிட்டார். பெயர் எழுதவில்லை. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். புதுப்புது நிறங்கள் வைத்திருந்தார். கூடவே ஒரு செவலை நாயும் வைத்திருந்தார். அதற்குப் பயந்து பெண்கள் கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டினார்கள். ஆனாலும் நீட்டினார்கள்.

பாஸ்கு முடிந்த மறுநாள், செல்லி வெளுத்த துணியோடு வளையலும் கொண்டுவந்தாள். வீட்டுக்கு ஒரு சோடி. "அண்ணே குடுத்து விட்டாக. ஒங்க கை கலியாணத்தப்ப இருந்த மாதிரியேதான் இருக்காம்." எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏற்றிப் பார்த்தால் கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை. விளக்கெண்ணெய் தடவியும் தாண்டவில்லை. அன்னம்மாளுக்கும் அப்படியே. கோம்பைக்காரரைக் கூப்பிட்டு, பெரிய அளவாகக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க எவளுக்கு மனம் வரும்? ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு முத்தையா வீட்டுக்கு நடந்தோம். அங்கே போனால் தெருவே உட்கார்ந்திருந்தது.

கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு கையாக வாங்கி, நீவி, ஒடுக்கி, வலிக்காமல் ஏற்றினார். எந்த வித்தைக்கும் மசியாத கை வந்தால், "வெயில்ல நடந்து வந்ததுல வீங்கிருச்சு தாயி" என்று சொல்லிப் பெரிய அளவை எடுத்தார். அன்று ஊரில் வீங்காத கை குறைவு.

நான் மெதுவாகக் கேட்டேன். "வேணும்னே சின்னதாக் குடுத்து விட்டீகளா? பொய் பாவமில்லையா அண்ணே?"

"பொய் எங்க ஆத்தா சொன்னேன்? மரியாதையாச் சொன்னேன்."

இது சர்வேசுரனின் பத்துக் கற்பனைகளில், அதான் கட்டளைகளில், எதற்கு விரோதம் என்று கோயில் உபதேசியாரிடம் கேட்டேன். அவர் தம் மனைவியின் கையைப் பார்த்துவிட்டு, மழை வருமா என்று என்னைக் கேட்டார்.

ஆனால் பண்ணைவீட்டு ராசம்மாளின் மருமகளுக்கு வளைகாப்பு வந்தபோது இந்த யுக்தி செல்லவில்லை. பிள்ளைத்தாச்சியைத் தம் வீட்டுக்கு வரச் சொல்ல முடியாது. அந்த வீடு கைமாறினால் அவர்கள் சொந்தபந்தத்து வீடுகளும் பின்னாலேயே போய்விடும். கோம்பைக்காரர் விடிந்ததுமே வாசலில் வந்து நின்றுவிட்டார். காலை ஊன்றக் கூடாது என்று வைத்தியர் சொன்னதை மீறாமல், முத்தையா கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொள்ள, பங்காளிகள் நால்வர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தூரத்தில் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? களத்தில் நின்ற ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். பேச்சி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். ராசம்மாள் ஓடிவந்து வாசலை மறித்தார். "ஏலே, நில்லுங்க அங்கன. நல்ல காரியம் நடக்குற வீட்டுக்கு நாலு பேரு தூக்கிக்கிட்டா வருவீக?"

கட்டிலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, "வளையலோ வளையல்" என்று கூவினார். பேச்சி விடவில்லை. "செத்தும் கூவுறாகளே" என்று அதையும் ஒப்பாரியில் சேர்த்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்கீக, சந்தோசம். ஆனா நாலு பேரு ஆகாது" என்றார் ராசம்மாள்.

"அப்ப அஞ்சாவது ஆளக் கூப்புடுங்க ஆத்தா."

சும்மா நின்றவர் கோம்பைக்காரர் ஒருவர்தான். நாயைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு தம் மலாரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார். ராசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழியை விட்டார்.

முத்தையா முதல் வளையலை ஏற்றினார். அந்தக் கை நிறைந்ததும் கோம்பைக்காரரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "வீடு என்னது. இன்னைக்கு மறு கை ஒன்னது. ஏத்துப்பா." அதற்குப் பிறகு முத்தையா கால் கூடி நடக்கும்வரை கோம்பைக்காரர் நம் தெருப்பக்கம் வரவில்லை.

நான் எழுத்துக்கூட்டிப் படித்து, வீட்டுச் செலவைத் தேவை, வீண் என்று பிரித்து எழுதி வருகிறவள். ஒருநாள் நான் வளையலை வீண் பக்கத்தில் எழுதுவதைப் பார்த்துவிட்டு முத்தையா, "வெறுங்கையால ஆட்டுனா மாவுக்கே சலிச்சிரும் ஆத்தா. தேவையில எழுதுங்க" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு திருத்தம். அவர் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனாலும் செபமாலை சொல்லிவிட்டேன். அதை யார் கணக்கில் சேர்ப்பது என்பது சர்வேசுரன் சித்தம்.

அவருடைய மகள் வள்ளி, புருஷன் சம்மதத்தோடு மலாரத்தை எடுத்திருக்கிறாள். பெண்பிள்ளை மலாரம் தூக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். என் கைக்கு அவள் ஏற்றிப் பார்த்தாள், வலிக்கவில்லை. துக்கத்துக்கு வந்த கோம்பைக்காரர், "வீட்டுக்காரக என்ன சொல்றாகன்னு கேட்டுக்கிட்டுத்தான் நான் அங்கன வருவேன்" என்று அவளிடம் சொல்லிப் போயிருக்கிறார். எங்கள் வீடு வள்ளிக்கு என்று சொல்லியாயிற்று. உங்கள் வீடு யாருக்கு என்பதைச் செல்லியிடம் சொல்லியனுப்புங்கள். அவள் வருகிற வெள்ளிக்கிழமை துணி எடுக்க வருவாள்.