கொலு கலையாத வீடு

நேற்றுக் காலை எங்கள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். கூடத்தில் இருந்த கொலுவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் எடுக்கலையா, அம்மா? விஜயதசமி ஆகி ஒம்பது தினம் ஆயித்தல்லா?"

"நல்ல நாள் பார்த்திண்டிருக்கேன்" என்றாள் என் மனைவி கமலம்.

போய்விட்டார். நாளைக்கு மறுபடி வருவார். எனக்கு அலுத்துவிட்டது...

மைசூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தசரா என்றால் உங்களுக்கு யானை, அம்பாரி, அரண்மனை விளக்கு. எங்களுக்கு? வீட்டுக்காரர் திடீரென்று வந்து கூரையை அண்ணாந்து பார்ப்பார். "சுண்ணாம்பு அடிக்கணும் சார். ஒரு பத்து தினம் எங்காவது இருந்துட்டு வாங்களேன்" என்பார். அந்தப் பத்து நாளும் நம் வீட்டில் யாரோ ஒரு பம்பாய்க்காரர் குடும்பத்தோடு தங்கி ஊர்வலம் பார்ப்பார். ஸ்பெஷல் ரயில்களில் வந்து இறங்குகிற கூட்டத்துக்கு இங்கே இருக்கிற லாட்ஜுகள் எந்த மூலைக்கு?

போன வருஷம் பக்கத்து போர்ஷனில் ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ். அவரிடமும் இதே சுண்ணாம்புக் கதைதான். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி நடுவில் புகுந்து, "பத்து நாள்தானே சிஸ்டர், போயிட்டு வாங்க" என்றேன். அம்மாவையும் பெட்டி படுக்கையையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது கதவில் புதுப் பூட்டு! தசராவுக்குப் பிறகு கிறிஸ்துமஸ் லீவுக்காரர்கள். அப்புறம் ஊட்டிக்குப் போகிற வழியில் தங்குகிறவர்கள்... அந்தப் பத்து நாள் இன்னும் முடிந்தபாடில்லை. சிஸ்டரும் அம்மாவும் அக்காள் வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வருஷம் எங்கள் முறை என்று தெரிந்துவிட்டது. தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதினோம். நான்தான் வாடகைக் கட்டுப்பாட்டு ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குமாஸ்தா ஆற அமரப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்க தெருவில ஒரு ரூம் கிடைக்குமா சார்? ஷிமோகாலேர்ந்து மச்சினன் வரான்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கமலத்துக்கு வந்தது.

மகாளய பட்சத்தில் யாராவது கொலு வைப்பார்களா? வைத்தாள்! அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே கூடத்தில் ஏழு படி கட்டி, கலசமும் வைத்துவிட்டாள். "பித்ருக்கள் கோவிச்சுப்பாளே" என்றேன். "அவாளுக்கும் இந்த வீட்டை விட்டா வேற விலாசம் தெரியாது" என்றாள்.

வீட்டுக்காரர் வந்தார். கூரையைப் பார்த்தார். பார்வை மெல்லக் கீழே இறங்கிக் கலசத்தில் நின்றது. பக்திமான், குடித்தனக்காரனைக் கிளப்புவார், கலசத்தைக் கிளப்ப மாட்டார். சுண்ணாம்பைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால்தான் கொலு முடிந்ததாக அர்த்தம். கமலம் வைக்கவில்லை. "படுக்க வெச்சா மறுநாளே சுண்ணாம்பு வாளி வந்துடும்" என்கிறாள். ஆக, ஒரு மாசமாகத் தினம் சுண்டல். கூடம் முழுக்க ராஜாவும் ராணியும் செட்டியாரும். குழந்தைகளோடு நாங்கள் நாலு பேரும் சமையலறையில் ஒண்டிக்கொண்டு படுக்கிறோம். வீட்டைக் காப்பாற்றிவிட்டோமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சிஸ்டர் வந்திருந்தார். கமலம் வெற்றிலை பாக்கு கொடுத்து, கொலுவின் கதையைச் சொன்னாள். சிஸ்டர் சிரித்தார். நானும் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தேன்.

கிளம்பும்போது, பக்கத்துக் கதவில் தொங்கிய பூட்டைச் சற்று நேரம் பார்த்தார்.

"எங்க வீட்லயும் குடில் வைக்கிற வழக்கம் உண்டு சார். மாட்டுத் தொழுவம், குழந்தை ஏசு, எல்லாம்... ஆனா கிறிஸ்துமஸ், தசராவுக்கு அப்புறம்தானே வருது?"

'பத்து நாள்தானே' என்று சொன்ன வாயில் அப்போது சுண்டல் இருந்தது.