வலது கை மெட்ராஸுக்கு

நான் அம்மை குத்துகிற வாக்சினேட்டராக இருந்தபோது நாஞ்சில் நாடு திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தது. மெட்ராஸோடு சேர்த்துவிடு என்று ஊருக்கு ஊர் கொடியும் கோஷமும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு தெருவில் பெரியம்மை வந்தது. அம்மை குத்துகிற லான்செட் கத்தியை எடுத்துக்கொண்டு போனால் வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திவிட்டார்கள்.

காரணம், சாயாக்கடை தாணு அண்ணாச்சி.

"எல்லை பிரிக்க ஆள் வருவாம்வே. சட்டையைக் கழத்திப் பாப்பான். திருவனந்தபுரத்துக்காரன் குத்தின தழும்பு இருந்தா அவன் கணக்குல எழுதிருவான். பொறவு நாம எப்பிடி மெட்ராஸ் போக?"

"என் கையிலயும் தழும்பு இருக்கே அண்ணாச்சி. நான் தமிழன் இல்லியா?"

"நீரு சர்க்கார் சம்பளக்காரன். ஒம்மை நாங்க கணக்குலயே சேக்கல்ல."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அடுத்த வீட்டில் ஒரு பையன் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடக்கிறான். இந்த மனுஷன் இன்னும் அம்மை குத்தாத கைக்குழந்தைப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு எல்லை பிரிக்கிறார்! அந்தப் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால் பிழைப்பதே பாடு.

நயமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் பொறுமை போய், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அது இடது கையில குத்தினாத்தான் அண்ணாச்சி. வலது கையில குத்தினா மெட்ராஸ் கணக்கு. தெரியாதா?"

சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "இதை ஏன்வே முதல்லயே சொல்லல்ல?"

பேத்தியின் வலது கையை அவரே நீட்டினார்; அடுத்ததாகத் தன் வலது கையையும். பிறகு தெருவே வரிசை கட்டியது. முன்பே இடது கையில் குத்திக்கொண்டவர்கள், "இதை அழிச்சிட்டு அங்க மாத்திக் குத்தும்" என்று சண்டைக்கு வந்தார்கள்.

"எல்லாரும் இடது கையில குத்துகான். ஒமக்கு மட்டும் என்னவே வலது கை?" என்றார் எனக்கு மேலதிகாரியான சானிட்டரி இன்ஸ்பெக்டர்.

"இந்தத் தெருவுல வேற கை கிடைக்கல்ல சார்" என்றேன்.

கொஞ்ச நாளில் மார்த்தாண்டத்தில் இதே அம்மை குத்துகிற வேலை பார்த்த என் சேக்காளி ஓடி வந்தான். "என்னடே செய்து வச்ச? மெட்ராஸ் வேணுங்கவன் வலது, திருவனந்தபுரமே போதும்ங்கவன் இடதுன்னு என் முன்னால அடிச்சிக்கிடுகான்!"

மெட்ராஸோடு சேர்ந்த அன்று தாணு அண்ணாச்சி ஊருக்கே சும்மா சாயா கொடுத்தார். என்னைக் கண்டதும் சட்டையின் வலது கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார்.

"பாத்தேரா! இந்தக் கை இல்லன்னா சேந்திருப்போமா?"

பக்கத்தில் பேத்தி ஓடியாடிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, நம் வேலை ஒழுங்காக நடந்தால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. கொடுக்கிற சாயாவைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள்.