நின்ற சைக்கிளுக்கு ஒரு கேஸ்

சைக்கிள் டைனமோ சக்கரம் சுற்றினால்தான் எரியும். நின்றால் அணைந்துவிடும். இந்தச் சின்ன விஷயம் தெரியாத ஒரு போலீஸ்காரர் எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் போய் மாட்டியது நான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பீர்க்கன்கரணையில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, வீடு தாம்பரத்தில். பஸ்ஸை நம்பினால் காலை ஜெபத்துக்குப் போய்ச் சேர முடியாது. வந்தாலும், படியில் தொங்குகிற ஆம்பளைகளை இடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அதனால் சம்பளத்தில் சேர்த்துவைத்து ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். யார் முகத்தையும் பார்த்து நிற்காமல் போய் வருவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று பெற்றோர் கூட்டம் முடிந்து கிளம்பும்போதே இருட்டிவிட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி நின்றேன், விளக்கு அணைந்தது. கேட்டோரம் நின்ற போலீஸ்காரர் நேராக என்னிடம் வந்தார்.

“இன்னாமா, லைட் இல்லாம வந்துகினு கீறே?”

“வரும்போது எரிஞ்சுது சார். இது டைனமோ. நின்னா எரியாது.”

“எரியலன்னு நீயே சொல்ட்டியே. பேரு சொல்லு.”

சைக்கிளை ஸ்டாண்டு போட்டேன். பெடலைக் கையால் வேகமாகச் சுற்றினேன். வெளிச்சம் அவர் தொந்தி மேலேயே விழுந்தது. “இப்ப எரியுது. அப்ப எரியல,” என்று சொல்லி எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மாட்டுவண்டியில் பேருக்குக்கூட ஒரு விளக்கு இல்லை. அது அவர் கண்ணில் படவில்லை. பொம்பளை ஒருத்தி சைக்கிளில் வருகிறாள், அதுதான் உறுத்தியது. வேறென்ன?

சம்மன் வீட்டுக்கு வந்தது. அதற்குள் சேதி பள்ளிக்கும் போய்விட்டது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

“டீச்சர், கேஸ் பொய்னு கோர்ட்ல ஆயிட்டா சந்தோஷம். நிஜம்னு ஆச்சுன்னா இனிமே சைக்கிள்ல ஸ்கூலுக்கு வர வேண்டாம். பிள்ளைங்க பாக்குதுங்க, இல்லே?”

பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரையும் ஒரே ஸ்கூட்டரில் அடைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிற மனுஷன்! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் சபையில் ஒரு வக்கீல் இருந்தார். அப்பா என்னை அவரிடம் கூட்டிப்போனார். “ஒத்துக்கிட்டா ரெண்டு நிமிஷத்துல அபராதம் கட்டிட்டு வந்துடலாம்மா. இல்லைன்னு நின்னா வாய்தா மேல வாய்தா போடுவாங்க. கூண்டுல ஏறணும். கண்டவனெல்லாம் பாப்பான்,” என்றார் வக்கீல். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் பயம்தான். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிற லீவு கொஞ்சம். ஒத்துக்கொண்டால் தலைவலி விட்டது, ஆனால் சைக்கிள் போய்விடும். அதுவும் செய்யாத தப்பைச் செய்தேன் என்று நானே சொல்லி! எங்கள் வீட்டில் பாத்திரத்தை உடைத்தால் மன்னிப்பு உண்டு, பரீட்சையில் கோட்டை விட்டால்கூட உண்டு. பொய்க்கு மட்டும் கிடையாது. பொய் சொன்னால் அப்பா முட்டி போட வைத்து ஜெபம் பண்ணச் சொல்வார், அப்புறம்தான் சோறு. அப்படி வளர்த்துவிட்டு இப்போது ஒத்துக்கொள் என்றால் எப்படி?

“ஒத்துக்க மாட்டேன்பா. சைக்கிளையே கோர்ட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்திக் காட்டப்போறேன்,” என்றேன்.

“சரிம்மா,” என்றார். மறுநாளே வக்காலத்துப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். “வக்கீல் உனக்காகப் பேசுவார். பதினொரு மணிக்கு வந்தா போதுமாம்.”

கேஸ் அன்று அப்பா எலெக்ட்ரிக் ரயிலில் முன்னால் போனார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். பல்லாவரம், மவுண்ட், கிண்டி என்று லாரிக்காரர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்டு, “கனம் கோர்ட்டார் அவர்களே” என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தபடி சைதாப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். கால் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. ஆனால் பயம் போயிருந்தது.

கோர்ட் வாசல் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“முடிஞ்சுதும்மா. வா, காபி சாப்பிடலாம்.”

“என்ன முடிஞ்சுது? இன்னும் பதினொண்ணே ஆகலையே?”

கோர்ட் உட்கார்ந்ததும் முதலில் கூப்பிடுவது இந்த மாதிரிச் சில்லறைக் கேஸ்களைத்தானாம். அது அப்பாவுக்கு முன்னமே தெரியும். வக்கீல் என் சார்பில் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார். அப்பா அபராதத்தைக் கட்டிவிட்டார்.

“கூண்டுல ஏறாம தப்பிச்சியே, அதைப் பாரு.”

“மேனேஜர் சொன்னது உங்களுக்குத் தெரியும் இல்லே? என் சைக்கிள் போச்சேப்பா!”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியும்மா. அதுவே நல்லதுன்னு பட்டுது. நீ சைக்கிள்ல போக ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு நிம்மதியே இல்லை. வேண்டாம்னு சொன்னா கேட்டிருப்பியா?”

கோர்ட் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை, கத்தினேன். “அந்தப் போலீஸ்காரனாவது தெரியாம எழுதினான். நீங்க தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க!” கறுப்புக் கோட்டுகள் திரும்பிப் பார்த்தன. “மெதுவா, மெதுவா,” என்றார் அப்பா. அவருக்கு அப்போதும் அந்தக் கவலைதான்.

திங்கட்கிழமை பஸ் படியில் நசுங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சைக்கிள் வீட்டில் சும்மாதானே நிற்கிறது என்று அப்பா எடுத்துக்கொண்டார். வேட்டி கட்டுகிறவருக்கு லேடீஸ் சைக்கிள் ரொம்ப வசதியாம். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனார். வாசலில் நின்ற மேனேஜர் முன்னால் வந்து கைகுலுக்கினார். அம்மாவும் நானும் நடந்து போனோம்.