ஜன்னலைச் சாத்திய டீச்சர்

நெடுங்காட்டில் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். அப்படி வளர்ந்த என்னை எழுபதுகளின் நடுவில் காரைக்கால்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் போட்டார்கள். அலைச்சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய நாற்பது பிள்ளைகள். "பென்சில் குடுடி" என்பதையே அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார்கள். என் குரல் எனக்கே கேட்காது.

பயிற்சிப் பள்ளியில் கற்ற வித்தையெல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது. மேசையைத் தட்டினேன்; கை வலித்ததுதான் மிச்சம். பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன், கூச்சல் ராகத்தோடு வந்தது. என்னுடையது தற்காலிக வேலை. வகுப்பு அடங்காவிட்டால் மாதக் கடைசியோடு சரி என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். எனக்கும் ரோஷம் உண்டே. அவர் அனுப்புமுன் நானே போய்விடலாமென்று ராஜினாமாக் கடிதம் எழுதி, வருகைப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மேல்தான் பெரிய கொடுமை. கிழக்கு ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண், எண்ணெய் வழியும் ரெட்டைப் பின்னலோடு எழுந்து நின்றுகொண்டு, கடலைப் பார்த்து ஏதோ கத்துவாள். வகுப்பே அங்கே ஓடும். இவள்தான் எல்லாவற்றுக்கும் தலைவி என்று முடிவுகட்டி, ஒரு நாள் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

வகுப்பு அடங்கிவிட்டது. அடடா, இவ்வளவுதானா என்று கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பினால், ஒருத்தரும் சிலேட்டைத் தொடவில்லை. அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"எங்கப்பா இன்னும் கரைக்கு வரல டீச்சர். ஜன்னல சாத்திட்டீங்க, நான் எப்புடிப் பாக்குறது?"

விடியுமுன் போன கட்டுமரங்கள் திரும்பும் நேரம் அது. காற்றுக்கு விரித்த பாயில் தைத்திருக்கும் ஒட்டுத்துணியைப் பார்த்தே எந்தக் கட்டுமரம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவரவர் அப்பா வந்த பிறகுதான் அவரவருக்குப் பாடம் ஏறும். இதைப் போய்க் குறும்பு என்று நினைத்தேனே! வெட்கமாக இருந்தது. ஜன்னலைத் திறந்து, அவள் அப்பா வரும்வரை நானும் அவள் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் முதல் பத்து மணி அவளுடையது. நான் பெயர் வாசிப்பதுபோல அவள் பாய்களை வாசிப்பாள். மற்றவர்கள் உட்கார்ந்தபடி கேட்க வேண்டும். "எல்லாரும் வந்தாச்சு டீச்சர்" என்று அவள் சொன்னதும் கணக்கு. பேச்சு குறைந்ததா என்றால், இல்லை. ஆனால் என் குரலும் நடுவில் கேட்க ஆரம்பித்தது.

மாதக் கடைசி நாளன்று நெடுங்காட்டு பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மீதி தூரம் நடந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகிவிட்டது. கட்டுமரங்களெல்லாம் கரையேறிவிட்டன. என் வகுப்பிலிருந்து சத்தமே இல்லை. வாசலில் தலைமையாசிரியர் நின்றிருந்தார்.

"காலையிலேந்து இப்புடித்தாம்மா, ஒண்ணும் வாயத் தொறக்கல" என்றார்.

ஒருவர் திரும்பாதபோது இவர்கள் இருக்கும் இருப்பு எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் சாலைப் பக்க ஜன்னலில் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"டீச்சரும் வந்தாச்சு!"

அடுத்த தெருவரைக்கும் கேட்கும்படி வகுப்பு ஆரவாரம் போட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், பையிலிருந்த பதிவேட்டைத் திறந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக் கிழித்துப்போட்டுவிட்டு உள்ளே போனேன்.