செருப்பைக் கழற்றாத சென்றாயன்

எங்கள் தெருவில் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஊரடங்கு. அரசாங்கம் போட்டது இல்லை, பக்கத்து வீட்டுக் கலைமணி அக்கா போட்டது. அந்த இரண்டு மணி நேரம் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். மீன்காரர் வேண்டுமானால் மனதுக்குள் கூவிக்கொள்ளலாம். நான் மாவு மில் வைத்திருக்கிற அன்பழகன். சங்ககிரியில் பாதி வீட்டு ராகியும் மிளகாயும் என் மில்லில்தான் அரைபடுகின்றன. முன்கோபக்காரன் என்ற பெயரும் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நானே பன்னிரண்டே முக்காலுக்கு சுவிட்சை அணைத்துவிட்டு, தூக்குப்போசியில் தானியத்தோடு நிற்கிறவர்களை மூன்று மணிக்கு வரச் சொல்கிறேன் என்றால், அக்காவின் அதிகாரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் லாரி ஓட்டுகிறார், மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டு டீச்சரின் குழந்தையை ஒரே ஒரு வாரம் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. இப்போது ஆறு குழந்தைகள். காலை எட்டரைக்கு அம்மாக்கள் கொண்டுவந்து விடுவார்கள், ஐந்தரைக்கு வந்து தூக்கிப் போவார்கள்.

தூங்க வைப்பதில் அக்காவுக்கு என்று ஒரு முறை உண்டு. பன்னிரண்டு மணிக்குத் தயிர்சாதம், பிறகு வரிசையாகக் கால் கழுவல், ஜன்னலுக்குப் பழைய போர்வை, ஆறு பாய். நடுவில் அக்கா படுத்து, தூங்குவதுபோல நடிப்பார். குழந்தைகள் சும்மா விடுமா? ஒன்று தண்ணீர் கேட்கும். தண்ணீர் குடித்ததும் ஒண்ணுக்கு வரும். அதைப் பார்த்து மற்ற ஐந்துக்கும் வரும். எல்லாம் முடிந்து அக்கா மறுபடி படுத்தால், நடிப்பில் தொடங்கிய குறட்டை ஐந்து நிமிஷத்தில் நிஜமாகிவிடும். அதற்குப் பிறகு ஒழுங்கைக் கவனிப்பது துணிக்கடை இம்தியாஸின் மகள் நிகத். மூன்று வயது. விழித்திருக்கிற பிள்ளைகளின் கண்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். தான் கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்.

எது எப்படியோ, ஒன்றரைக்குள் அந்த வீடு அடங்கிவிடும். இந்த ஊரில் தான் தூங்க வைக்காத பிள்ளை கிடையாது என்பதில் அக்காவுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தை உடைக்கத்தான் சித்திரை மாதத்தில் சென்றாயன் வந்து சேர்ந்தான்.

சென்றாயன் என்றதும் மீசை வைத்த பெரியவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டரை வயது. குலசாமி பெயர். அவன் அம்மா ஸ்ரீதேவி, திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிற வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் அனுப்புகிற வேலை. அப்பா முருகானந்தம் அப்படியொரு வண்டியில்தான் சத்தீஸ்கரில் இருந்தார். பொங்கல் முடிந்து போனவர்.

பையன் சமர்த்து. அழமாட்டான், கடிக்கமாட்டான், தயிர்சாதத்தை வழித்துத் தின்பான். ஆனால் தூங்கமாட்டான். செருப்பையும் கழற்றமாட்டான். நடந்தால் கீச் கீச் என்று கத்துகிற செருப்பு. அதைப் போட்டுக்கொண்டே போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அக்கா தூக்கிவந்து பாயில் போடுவார். அவர் குறட்டை ஆரம்பித்ததும் கீச் கீச் என்று திரும்பப் போய் நிற்பான். அந்தச் சத்தத்தில் மற்ற ஐந்தும் எழுந்து உட்காரும். புதுச் செருப்பு ஆசை என்று நாங்கள் நினைத்தோம்.

அக்கா எல்லாம் செய்து பார்த்தார். புருவத்தை நீவிவிட்டார். சேலையில் தொட்டில் கட்டினார். ரிக் வண்டிக்காரர் பிள்ளை, ஒருவேளை சத்தம் இருந்தால்தான் தூக்கம் வருமோ என்று ஒரு நாள் என்னை மில்லை ஓடவிடச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றரை மணிக்கு மில் ஓடியது. சென்றாயனைத் தவிர மற்ற ஐந்து பேரும் அழுதார்கள். தெருவே வெளியில் வந்து என்னைத்தான் திட்டியது.

இதில் வேடிக்கை இல்லாத பகுதி ஒன்று இருந்தது. பகலெல்லாம் நின்ற பையன், அம்மா வந்து தூக்கியதும் தோளிலேயே தூங்கிவிடுவான். ஏழரைக்கு எழுந்தால் நடுராத்திரிவரை ஆட்டம். ஸ்ரீதேவிக்கும் தூக்கம் போயிற்று. தூக்கக் கலக்கத்தில் ஒடிசாவுக்குப் போகவேண்டிய சுத்தியலைச் சத்தீஸ்கருக்கு அனுப்பிவிட்டாள். ரிக் வண்டிச் சுத்தியல் என்றால் ஆணி அடிக்கிறது இல்லை, ஆள் உயரம் இருக்கும். பாறையை அதுதான் உடைக்கவேண்டும். அது வராமல் ஒரு வண்டி இரண்டு நாள் நின்றது. ஆபீசில், இந்த மாதக் கடைசிவரை பார்ப்போம் என்றார்கள். வீட்டில் மாமியாரும், போனில் முருகானந்தமும் அதையேதான் சொன்னார்கள். பையன் அதற்குள் சரியாகாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும். ஸ்ரீதேவிக்கு அது முதல் வேலை. அக்காவிடம் அவள் இதை அழாமல்தான் சொன்னாள். மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் ஒன்றேகால் மணிக்கு, அக்கா கேட்டிருந்த ராகி மாவைக் கொடுக்கப் போனேன். பூனைமாதிரி நடந்துபோய்க் கதவுக் கம்பி வழியாகக் கொடுத்தேன். வழக்கம்போல் கதவருகே நின்றிருந்த சென்றாயன் கன்னத்தில் தட்டி, "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு மில்லுக்குத் திரும்பினேன். அரவைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அரைமணி கழித்து அக்கா மில் வாசலில் நின்றார். ஊரடங்கு நேரத்தில் அவர் தெருவுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏனுங் தம்பி, வாரேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்தா எப்படிங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார். அவ்வளவு நேரமும் சென்றாயன் மில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். என்ன சாமி பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, "மாமா வாரேன்னுச்சு. வல்ல" என்றிருக்கிறான்.

எங்கள் பக்கம் யாரும் போகிறேன் என்று சொல்லி வாசற்படி இறங்குவதில்லை. போயிட்டு வாரேன் என்போம். அவசரத்தில் போயிட்டு காணாமல் போய், வாரேன் மட்டும் மிஞ்சும். துக்க வீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவோம். போறேன் என்ற சொல் வாயில் வந்தால் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியும். இரண்டரை வயதுக்குத் தெரியுமா? காலை எட்டரைக்கு அம்மா அதே கதவில் நின்று "வாரேன் சாமி" என்கிறாள். வாரேன் என்றால் இதோ வருகிறேன் என்றுதானே பொருள். வரப்போகிறவளுக்காகப் பையன் செருப்பைக் கழற்றாமல் ஒன்பது மணி நேரம் நிற்கிறான்.

நான் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் முன்னால் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தான். சரி, வந்தவன் வந்துவிட்டான் என்று மறுபடி தெருமுனைப் பக்கம் திரும்பிக்கொண்டான். என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை அக்கா ஸ்ரீதேவியை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். போறேன் என்று சொல்லித்தான் கிளம்பவேண்டும் என்றார். ஸ்ரீதேவி முகம் வெளிறிப்போயிற்று. புருஷன் பாறைக்கும் இரும்புக்கும் நடுவில் வேலை செய்கிறார், காலை நேரத்தில் வாசலில் நின்று அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது, மாமியார் காதுக்குப் போனால் வீட்டில் கால்வைக்க முடியுமா என்று கேட்டாள். அக்காவுக்கும் உள்ளுக்குள் பயம்தான். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதவர் அவர். ஆனாலும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"வர்ற பாவம் எனக்கு வரட்டும் கண்ணு. நீ நெசத்தச் சொல்லு."

ஸ்ரீதேவி குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா வேலைக்குப் போறேன் சாமி. நீ சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு, பால் குடி. அப்பறந்தான் அம்மா வருவேன்" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று வரை அழாத பையன் அன்று அழுதான். என் மில் சத்தத்தையும் மீறி அது கேட்டது. பத்து மணிக்கு ஓய்ந்தது. ஒரு மணிக்கு அக்காவிடம் போய், "தூங்கி எந்திரிச்சா பாலா?" என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்றதும் சுவரோரம் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினான். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் கழற்றினான். நிகத் அவன் கண்ணைப் பொத்தப் போனாள், அதற்குள் தூங்கிவிட்டான். அன்று அக்காதான் தூங்கவில்லை. மூன்று மணிவரை அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மாதக் கடைசியில் ஸ்ரீதேவியை வேலையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக் கதவருகிலேயே நின்று, நானும் பக்கத்தில் இருக்க, முருகானந்தத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தத்தோடு அவர் குரல் கேட்டது. வேலை விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். மகனிடம் பேசிவிட்டு, முடிக்கும்போது, ஐந்து மாதமாகச் சொல்வதைச் சொன்னார். அப்பா வாரேன் சாமி.

சென்றாயன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "வாரேன் வேண்டாம். போறேன் சொல்லு."

முருகானந்தம் சிரித்துவிட்டு என்ன என்று கேட்டார்.

"அம்மா போறேன் சொல்லும். அப்பறம் வந்துரும். நீயும் போறேன் சொல்லு."

முருகானந்தம் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது கேட்டது. ஸ்ரீதேவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு "போறேன் சாமி" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. பையன் திருப்தியாகப் போனை அம்மாவிடம் கொடுத்தான்.

போன் பேசிய ஒன்பதாம் நாள், பகல் ஒன்றே முக்காலுக்கு, தோளில் பையோடு ஒருவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டப் போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். முருகானந்தம்தான். அக்கா ஜன்னல் போர்வையை விலக்கிப் பார்த்தார். ஆள் யார் என்று தெரிந்ததும் சந்தோஷம்தான், ஆனாலும் விரலைக் காட்டி மூன்று மணி என்று சைகை செய்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டார். ஐந்து மாதம் கழித்து வந்தவர் என் மில்லில் மாவு படிந்த சாக்குமேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. சென்றாயன் வெறுங்காலோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று முருகானந்தம் கையை நீட்டினார். பையனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போறேன் என்று சொல்லிப் போனவர், வந்திருக்கிறார்.

"இரு, பால் குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

முருகானந்தம் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.