சாக்ஸ் முனையில் ஒரு வரப்பு

அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் அது. இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைப் பிடியைத் திருப்பினால்தான் நகரும் பழைய லிஃப்ட். அதற்குள் ஒரு மர ஸ்டூல் போட்டு இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். "இந்த ஆபீஸ்ல என்னை மாதிரி மேல போனவன் யாரு? ஒரு நாளைக்கு அறுபது தடவை போறேன். சாயங்காலம் பார்த்தா தரையிலதான் நிக்கிறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஸ்டூலுக்கு அடியில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் கம்பளி நூல், பின்னல் ஊசிகள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் மாடிப்படியில் விழுந்து வலது கை முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்க மறுத்தன. மருத்துவமனையில் பயிற்சிக்காக இரண்டு ஊசியையும் ஒரு நூல் உருண்டையையும் கையில் திணித்தார்கள். ஆறு வாரத்தில் விரல் சரியாகிவிட்டது. பின்னல்தான் அவரை விடவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் பின்னுவார். மணி அடித்தால் ஊசியை மடியில் வைத்துவிட்டுப் பிடியைத் திருப்புவார். அநேகமாக சாக்ஸ்தான் பின்னுவார். கணுக்காலில் தொடங்கி, குதிகாலைத் திருப்பி, பாதத்தைக் கடந்து விரல் முனைவரை லிஃப்டிலேயே வந்துவிடும். முனையை மூடுவது மட்டும் லிஃப்டில் ஆகாது.

காரணம் இது. பின்னி முடிக்கும்போது மேல் பக்கத்துக் கண்ணிகள் ஒரு ஊசியிலும், கீழ்ப் பக்கத்துக் கண்ணிகள் இன்னொரு ஊசியிலும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மழுங்கிய தையல் ஊசியில் நூலைக் கோத்து, இந்தப் பக்கம் ஒரு கண்ணி, அந்தப் பக்கம் ஒரு கண்ணி என்று, பின்னியது போலவே நூலை ஓட்டி இணைக்க வேண்டும். முன் ஊசியில் நேராகக் குத்திக் கழற்று, எதிராகக் குத்தி விட்டு வை. பின் ஊசியில் எதிராகக் குத்திக் கழற்று, நேராகக் குத்தி விட்டு வை. நடுவில் யாராவது "அஞ்சாவது மாடி" என்று சொல்லிவிட்டால் போச்சு, எங்கே விட்டோம் என்று தெரியாது. ஒழுங்காகச் செய்தால் மூடிய இடமே தெரியாது. உள்ளே கையை விட்டுத் தடவினாலும் வழவழவென்று ஓடும்.

இதை அவர் கற்றுக்கொண்டது அக்காவுக்காக. அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அந்த வயதில் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவள் அக்கா. தம்பி படிப்பை முடித்து வேலைக்குப் போகும்வரை தன் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. பிறகு கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள், கணவர் காலமானார். இஸ்திரி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே வேலை. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. பாதம் இரண்டும் மரத்துப் போயிருந்தன. "கால் என்னோடதுதானான்னு குனிஞ்சு பார்த்தாத்தான் நம்பிக்கை வருது" என்பாள். சாக்ஸுக்குள் தையல் மேடு இருக்கக் கூடாது, உரசினால் தெரியாது, புண்ணாகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இரண்டு ஜோடி, தம்பி கையால், மேடில்லாமல்.

அந்த வருடம் ஏழாம் மாடிக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்திருந்தார். ஒரு நாள் லிஃப்டில் நின்றபடி, மடியில் கிடந்த சாக்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீங்க போட்டதா? உங்க கையில என்னமோ இருக்குங்க" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் லிஃப்டுக்குள் வந்தவர்கள் அவரிடம் மாடி எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அன்று முழுக்க லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மாதம் கழித்து மேலாளருக்கு மாற்றல் வந்தது. போவதற்குள் தனக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டார். லிஃப்ட்காரர் அக்காவுக்குத் தொடங்கியிருந்த ஜோடியைப் பாதியில் வைத்துவிட்டு, மேலாளருக்கு ஊசியில் ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு ஜோடியும் முனை மூடாமல், லிஃப்ட்காரர் தங்கியிருந்த அறையின் மேசையில் கிடந்தன. மறுநாள் காலை மேலாளர் ஊருக்குக் கிளம்புகிறார். குளிர் முன்னதாகவே வந்துவிட்டதால், அக்காவின் சாக்ஸை வாங்கிப்போக அவள் மகள் அன்று இரவு ஏழு மணிக்கே வருகிறாள். மேலாளருடையதை முதலில் எடுத்தார். ஒரு இடத்தில் கண்ணி தப்பிவிட்டது. விளக்கின் கீழே பிடித்தால் ஒரு சின்னக் கோணல். யார் கண்ணுக்கும் படாது. ஆனாலும் பிரித்தார், மறுபடி போட்டார். அந்த ஒரு ஜோடியை முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

அக்கா மகள் வந்து வாசலில் நின்றாள். "மாமா, ஆச்சா? பஸ் போயிடும்."

"நாளைக்கு வா" என்று சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். "இதோ, பத்தே நிமிஷம்" என்றார். சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். இரண்டு ஊசியிலிருந்தும் இரண்டு இரண்டு கண்ணியாகச் சேர்த்துப் பின்னிக் கடகடவென்று அடைத்தார். அவசரத்துக்கு எல்லாரும் செய்கிற வழிதான். வெளியே பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே மட்டும் குறுக்காக ஒரு வரப்பு நிற்கும். கட்டை விரலால் தடவிப் பார்த்தார். நெருடியது. அப்போது அவருக்குள் ஒரு நினைப்பு வந்தது: அக்காவுக்குத் தெரியவா போகுது, கால்தான் மரத்துப் போச்சே.

பிற்பாடு எத்தனையோ தடவை அந்த நினைப்பை வேறு மாதிரி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவசரத்தில் யோசிக்கவில்லை, கவனம் இல்லை, அந்தப் பெண் பறந்தாள் என்றெல்லாம். ஆனால் வந்த நினைப்பு அதுதான், வார்த்தைக்கு வார்த்தை. வரப்பு எதனால் ஆகாதோ அதையே வரப்பு வைப்பதற்குக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவந்து பிரித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு அசதி. அதற்கடுத்த வாரம் அந்த எண்ணமே நினைவில் இல்லை.

ஏழு வாரம் கழித்து அக்கா மகள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். "அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம் மாமா. வலது கால்ல ரெண்டாவது விரல் கறுத்துப் போச்சு. எடுத்தாகணும்னு சொல்றாங்க."

அவர் போய்ச் சேர்வதற்குள் எடுத்திருந்தார்கள். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதம் முழுக்க வெள்ளைக் கட்டு. மருத்துவர் அட்டையில் எழுதிக்கொண்டே, "எதுல உரசிச்சும்மா? ஷூவா, சாக்ஸா?" என்று கேட்டார்.

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. "ஷூதாங்க. கொஞ்சம் இறுக்கம்" என்றாள்.

அவள் தூங்கிய பிறகு கட்டிலருகே இருந்த சின்ன அலமாரியைத் திறந்தார். சீப்பு, கண்ணாடி, ஷூ, ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் சாக்ஸ். வலது கால் சாக்ஸின் முனையில், வரப்பு ஓடிய இடத்தில், ஒரு காசளவுக்குக் கறுப்பாகக் காய்ந்த கறை. இரண்டு சாக்ஸையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தார். காரிடாரில் எதிரே வந்த வார்டு உதவியாளர் சும்மா சிரித்ததற்கே சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். குளிர்ந்த தண்ணீரில் சாக்ஸை ஊறப் போட்டார். இரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது என்று அக்காதான் எப்போதோ சொல்லியிருக்கிறாள். கறை போனதும் உலர்த்தி, முனையைப் பிரித்தார். சுருண்டு வந்த நூலை ஒதுக்கிவிட்டு, கண்ணி கண்ணியாகப் பிடித்து இரண்டு ஊசியில் ஏற்றினார். பிறகு நேராகக் குத்திக் கழற்று, எதிராகக் குத்தி விட்டு வை. ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை. அவர் மூடிய முனைகளிலேயே சுத்தமானது அதுதான்.

திங்கட்கிழமை பார்வையாளர் நேரத்தில் போய், யாருக்கும் தெரியாமல் அலமாரியில் வைத்துவிடலாம் என்று பார்த்தார். அக்கா விழித்திருந்தாள். "கையில என்னடா?"

"சாக்ஸ்க்கா. அழுக்கா இருந்துச்சு. துவைச்சு எடுத்துட்டு வந்தேன்."

"குடு."

அவள் வாங்கினாள். காலுக்கு உணர்ச்சி போயிருந்ததே தவிர, விரல் நுனிகள் நாற்பது வருடமாகத் துணி தடவிய விரல் நுனிகள். சாக்ஸுக்குள் கையை விட்டாள். முனையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். மறுபடி தடவினாள்.

"இதுல ஒரு வரப்பு இருந்துச்சே?"

அவர் அதைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"போட்ட மொத நாளே கையில பட்டுச்சுடா. உனக்குக் கண்ணு மங்குது போலிருக்குன்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு வாயைத் திறக்கல. டாக்டர்கிட்டயும் அதனாலதான் சொல்லல."

அங்கேயே முடித்திருக்கலாம். ஆமாம், கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்கா அவருக்குக் கண்ணாடி வாங்கித் தரக்கூடக் கிளம்பியிருப்பாள். லிஃப்ட்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா. ஏழாம் மாடி மேலாளருக்கு ஒரு ஜோடி போட்டேன். அன்னிக்கு அவரோடதை ஒன்னேகால் மணி நேரம் உட்கார்ந்து மூடினேன். தப்பு வந்துச்சுன்னு பிரிச்சு மறுபடி போட்டேன். உன்னோடதைப் பத்து நிமிஷத்துல அடைச்சுக் குடுத்துட்டேன். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். கால் மரத்துப் போச்சேன்னு."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். அக்கா சாக்ஸை மடித்தாள், கடையில் மடிப்பது போல ஓரம் ஓரத்தோடு சேரும்படி.

"அவருக்கு நல்லா வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சுக்கா."

"சரி." சாக்ஸைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "விரலை டாக்டர் எடுத்தாரு, அது வேற. நான் தூங்குறப்போ அலமாரியைத் திறந்து எடுத்துட்டுப் போனியே, அதுக்கு என்னடா பேரு?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர், புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். கேஸ் தாளில் எழுத வேண்டியதுதானே, எழுதட்டும் என்று நின்றார். நர்ஸ் ஷூவை எடுத்துப் பார்த்தாள். ஒரு அளவு சின்னது. "தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தோம், உங்க அக்கா பார்க்கல. ஷூவும் இறுக்கம். நீங்க சொல்ற தையலும் இருந்திருக்கு. எதுனால வந்துச்சுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றாள்.

"என்னாலதான்னு எழுதிக்கோங்க சிஸ்டர்."

"அப்படியெல்லாம் எழுதுறதுக்கு இதுல இடம் இல்லைங்க" என்று அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அக்கா வீடு திரும்பிய பிறகு ஐந்து வாரம் அவரோடு பேசவில்லை. அவர் போவார். மகள் கதவைத் திறந்து, "உட்காருங்க மாமா" என்பாள். அக்கா அவர் இருக்கும் பக்கம் பார்க்காமல் மகளிடமே பேசுவாள். "வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்பாள். வந்தவங்க! தூக்கி வளர்த்தவள் வாயால் அந்தச் சொல் வந்தபோது, தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார். லிஃப்டில் துணிப்பை தொடாமல் கிடந்தது. மேலாளர் புது ஊரிலிருந்து, சாக்ஸ் பிரமாதம், இன்னொரு ஜோடி கிடைக்குமா என்று எழுதிய கடிதம் வந்தது. அவர் பதில் போடவில்லை.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிறு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பாதத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். இடுப்பு மடங்கவில்லை. மகள் வெளியே போயிருந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன, மிச்சம் எத்தனை இருக்குன்னு எண்ணப் போறியா?" என்றாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"எண்ணத்தான் போறேன்க்கா."

"எண்ணு. கணக்குல நீ எப்பவும் மக்கு."

விரல் இடுக்குகளைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார், வடுவைப் பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்ததில் கொஞ்ச நேரம் எதுவுமே தெரியவில்லை. அவள், "அழுதா எப்படிடா தெரியும், துடைச்சுட்டுப் பாரு" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதன் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பாதம் பார்ப்பது அவர் வேலையாயிற்று.

குளிர் குறைந்ததும் அக்கா பெரிய ஷூ வாங்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனாள். உட்கார்ந்து இஸ்திரி போட உயரமான ஸ்டூல் வேண்டும் என்று முதலாளியிடம் மல்லுக்கட்டி அதையும் வாங்கிவிட்டாள். ஒரு நாள் அவரிடம், "எங்க கடையில துணி மடிக்கிறவளுக்கும் சர்க்கரை. அவளுக்கு ஒரு ஜோடி போட்டுக் குடு" என்றாள். கெஞ்சல் இல்லை, தயவு இல்லை, கடையில் வேலை சொல்வது போலவே இருந்தது.

மூன்று வாரம் ஆயிற்று. முடித்ததும் அவர் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். பிறகு தன் காலிலேயே மாட்டிக்கொண்டு அறைக்குள் பத்து நடை நடந்தார். அப்புறம் துவைத்து, காயவைத்துக் கொண்டுபோனார்.

அக்கா வாங்கி, வழக்கம்போல முனைவரை கையை விட்டாள். இடதைத் தடவினாள், வலதைத் தடவினாள். அவள் நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓரம் சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "உட்காரு, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.